ஐந்தாவது நாற்காலி

சக்கர நாற்காலி திருத்துகிறவன் ஆட்டம் பார்ப்பதே இல்லை, சுழலும் சில்லைத்தான் பார்க்கிறான். என்னைப் போல அல்லாடியவர்களுக்கு இது விளங்கும்.

நிமிர்த்திய சில்லு

எண்பதுகளின் நடுவில், நாடு விட்டு வந்து, ரெனான் என்ற எல்லையோர ஊரில் இருந்தேன். பகலில் ஆஸ்பத்திரிச் சமையலறையில் கோப்பை கழுவல். யாழ்ப்பாணத்தில் சைக்கிள் கடை வைத்திருந்தவன் என்று அறிந்து, சக்கர நாற்காலிக் கூடைப்பந்துக் கழகத்தின் தலைவி மரியான் என்னைப் பிடித்துக்கொண்டாள். அவர்கள் நாலு பேர்தான். வரும் பருவத்துக்குள் ஐந்தாவது ஆள் சேராவிட்டால், புதன்கிழமை மண்டபம் ஜூடோக்காரருக்குப் போய்விடும்.

முதல் நாளே எல்லா நாற்காலியிலும் சில்லுகள் கீழே அகன்று சரிந்து நிற்பதைக் கண்டேன். பாவம், எவனோ பழுதாக்கிவிட்டான் என்று நினைத்து, அத்தனையையும் நேராக நிமிர்த்தினேன். வேகமாகத் திரும்புவதற்கு அந்தச் சரிவு வேண்டும் என்று எனக்கு யார் சொன்னது? முதல் திருப்பத்திலேயே மரியான் குடைசாய்ந்தாள். ஓடிப்போய்த் தூக்கினேன். அவள் சொன்னாள்: "சில்லு நல்ல நேராத்தான் நிக்குது. நான்தான் படுத்திருக்கிறன்."

அரசாங்கமும் தேத்தண்ணியும்

எல்லைக்கு அப்பாலிருந்து ஓர் அணி நட்பாட்டத்துக்கு வந்தது. ஆள் குறைந்த எங்களுக்கு ஒருவரைக் கடன் தந்தார்கள். அவர்களின் பயிற்சியாளருக்கு அரசாங்கச் சம்பளம். எங்கள் கழகத்திலோ பயிற்சி, வாகனம், கடிதம் எல்லாம் அவரவர் தலையில். தேத்தண்ணி யார் போடுவது என்பதற்கும் கூட்டம் வைத்துக் கை உயர்த்துவார்கள். எனக்குச் சிரிப்பு வரும். ஆனால் அன்று, எந்தக் கூட்டமும் இல்லாமல், இடைவேளைக்குள் வந்த அணியின் இரண்டு சில்லுகளுக்குக் கம்பி மாற்றிக் கொடுத்தேன்.

பயிற்சியாளர் வாயைப் பிளந்தார். அவர்கள் ஊரில் அதற்கு விண்ணப்பம் போட்டு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டுமாம். "இந்த ஆளை எங்களிட்ட அனுப்புவியளோ?" என்றார். என் அகதி விண்ணப்பம் முடிவாகாத காலம் அது. மரியான் சொன்னாள்: "அவருக்கு எல்லை தாண்டப் பெர்மிட் இல்லை. நாற்காலியளை இங்க அனுப்புங்கோ."

யோகன்

நான் குடியிருந்த கட்டடத்தின் மேல்மாடியில் யோகன் இருந்தான். ஊரில் செல் குண்டு விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்வு போனவன். எங்களோடு ஆட வா என்று வாரக்கணக்காகக் கெஞ்சினேன். கடைசியில், "சும்மா பாக்க வாறன்" என்று வந்தான். அந்தப் பொடியன் பந்தைத் தொட்டதும் முகமே மாறிவிட்டது. அன்றிரவே ஐந்தாவது நாற்காலியை அவனுக்கு அளவாகப் பூட்டினேன்.

முதல் ஆட்டத்தில் மோதி விழுந்தான். கேட்காமல் யாரையும் தொடக்கூடாது என்று மரியான் நூறு தரம் சொல்லியிருந்தாள். ஊர்ப் பழக்கம் விடுமா? களத்துக்குள் பாய்ந்து அவன் கக்கத்தில் கைகொடுத்தேன். அவன் என்னைப் பார்க்கவே இல்லை. தரையில் கையூன்றியபடி சொன்னான்: "கையை எடுங்கோ அண்ணை, பந்து அங்கால போகுது."

புதன்கிழமை மண்டபம் எங்களுக்கே நிலைத்தது, நான்தான் ஆட்டம் முடியும்வரை இரண்டு கையையும் சட்டைப்பைக்குள் வைத்திருக்கப் பழகவேண்டியதாயிற்று.