முக்காலிமேல் டிஷ்யூ பாக்கெட்

பாசிர் ரிஸ்ஸில் என் தமிழ்ச் சுற்றுக்கு ஒரு ஈ காக்கா எட்டிப் பார்க்கவில்லை. அரும்பொருளகத்து ஓவியங்களை லாரியில் ஏற்றி, வட்டாரம் வட்டாரமாகக் கொண்டுபோய்க் காட்டும் கண்காட்சி அது. தமிழில் விளக்கம் சொல்லும் தொண்டூழியர் நான். வெளிநாட்டிலிருந்து வந்து சில மாதங்களே ஆன ஒருங்கிணைப்பாளர், "பூன் லேயிலும் ஆள் வரலைன்னா கேலாங்கில் தமிழ்ச் சுற்று வேண்டாமே" என்று ஆங்கிலத்தில் இனிமையாகச் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சிரித்துவைத்தேன்.

அந்த வாரம் முழுக்க தேக்கா சந்தையில் கண்ணில் பட்டவர்களை எல்லாம் பிடித்தேன். மீன் வாங்கிக்கொண்டிருந்த ஆன்ட்டி ஒருவர் பூன் லேக்காரர் என்று தெரிந்ததும் விடவே இல்லை. "ஞாயித்துக்கிழமை பதினோரு மணிக்கு, உங்க புளோக்குக்கு எதுத்த சமூக மன்றம். வாசல்லேயே காப்பிக்கடை மேசையும் முக்காலிங்களும் இருக்கும், அங்கதான் கூடுறோம்." "சரி லா, என் கூட்டத்தையே கூட்டிட்டு வரேன்" என்றார். அந்த முக்காலிகளும் ஒரு கலைப்படைப்பு, ஒவ்வொன்றின் மேலும் ஒரு முகம் வரைந்திருக்கும் என்பதைச் சொல்ல மறந்துபோனேன்.

ஞாயிற்றுக்கிழமை பத்தே முக்காலுக்குப் போனால் கூடத்தில் ஒருவரும் இல்லை. ஒருங்கிணைப்பாளர் மட்டும் முக்காலிகளைச் சுற்றிச் சுற்றிப் படமெடுத்துக்கொண்டிருந்தார்.

"ஓவியர் புதுசா எதையோ சேர்த்திருக்கார் போல. எனக்கு யாரும் சொல்லலையே? பரவாயில்ல, ரொம்ப நல்லாயிருக்கு."

எட்டிப் பார்த்தேன். வரைந்த முகங்களின்மேல் டிஷ்யூ பாக்கெட்டுகள். ஒன்றின்மேல் மடக்குக் குடை, இன்னொன்றின்மேல் மடித்த தமிழ்ப் பத்திரிகை.

ஐயோ, எனக்கு வந்த சந்தோஷம்! எங்கள் ஊரில் சாப்பாடு வாங்கப் போகுமுன் நாற்காலியில் ஒரு டிஷ்யூ பாக்கெட்டை வைத்துவிட்டால் அந்த இடம் நமக்கு. அதை யாரும் தொடமாட்டார்கள். "இது கலை இல்ல, 'சோப்' பண்ணியிருக்காங்க, இடம் பிடிச்சு வச்சிருக்காங்க! ஆள் வந்தாச்சு!" என்று அவர் கையைப் பிடித்துக் குலுக்கினேன். அவர் முகம் போன போக்கைப் பார்க்கணுமே.

கொஞ்ச நேரத்தில் கீழே உணவங்காடியிலிருந்து வந்தார்கள், கையில் பையில் கட்டிய தேத்தண்ணீரோடு. பல் குத்திக்கொண்டு ஓர் அங்கிள், அவருக்குப் பின்னால் மீன் ஆன்ட்டி, அவருக்குப் பின்னால் அவர் கூட்டம். ஆன்ட்டி டிஷ்யூவை எடுத்துவிட்டு உட்காரப் போனார்.

"ஆன்ட்டி, உக்காராதீங்க! அது ஓவியம்!"

"முக்காலின்னா உக்காரத்தானே லா? முகத்த வரைஞ்சு வச்சா எப்படி உக்காருறது, பாவம்!"

கூடமே சிரித்தது. அங்கேயே சுற்று ஆரம்பித்துவிட்டது. தேத்தண்ணீரை வாசலில் வைக்கச் சொன்னேன், முணுமுணுத்துக்கொண்டே வைத்தார்கள். ஒரு ஓவியத்துப் பெண்ணுக்குக் கோபமா, பல்வலியா என்று அங்கிளுக்கும் ஆன்ட்டிக்கும் பெரிய சண்டை. நான் படித்துத் தயாரித்து வந்த விளக்கத்தைக் கேட்க ஆளில்லை. ஆனால் அவர்களைப்போல அந்தப் படத்தை அவ்வளவு கிட்டே போய்ப் பார்த்தவர்கள் யாருமில்லை. எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

முடிந்ததும் ஆன்ட்டி நேராக ஒருங்கிணைப்பாளரிடம் போனார். "அடுத்தது கேலாங்தானே? தமிழ் எப்ப?"

நான் மொழிபெயர்த்தேன். அவர் தயங்கி, "இன்னும் முடிவாகல" என்றார்.

"என்ன முடிவாகல? பிரதோஷத்துக்கு நாங்க எப்படியும் கேலாங் சிவன் கோயிலுக்குப் போவோம். பூஜைக்கு முன்னாடி வச்சிருங்க. பூஜை முடிஞ்சா பசி வந்துரும்."

அதையும் மொழிபெயர்த்தேன். ஒருங்கிணைப்பாளர் கூட்டத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கைப்பேசியில் நாள்காட்டியைத் திறந்தார்.

"பூஜை எத்தனை மணிக்கு ஆரம்பிக்கும்னு கேளுங்க."