ரொட்டிக்காரருக்கு இறங்கி நின்றோம்

பிரான்ஸில் ஓர் ஆற்றோரச் சரளைப் பாதையில் மகளோடு சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தேன். கார்களே வராத பாதை. அக்கரை வயலில் டிராக்டர் உறுமியதும் நான் இறங்கி, புல்லில் ஒதுங்கி நின்றுவிட்டேன்.

“ஏம்மா எறங்குனீங்க? இங்க காடியே வராது லா.”

காலுக்கு அது பழக்கம். எழுபதுகளில், மலேசியாவின் கேரி தீவில் நாங்கள் இருந்த, எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனைத் தோட்டத்தில், மேனேஜர் துரையின் கார் வந்தால் சைக்கிளில் போகிறவர்கள் இறங்கி நிற்க வேண்டும். எங்கும் எழுதி வைக்காத சட்டம். செம்மண் சரளை நறநறக்க அம்மா மிதிப்பார், நான் பின்னால் உட்கார்ந்திருப்பேன். இஞ்சின் சத்தம் கேட்டாலே இருவரும் ஓரத்தில் நிற்போம்.

ஒரு நாள் அப்படி நின்றபோது, வளைவில் திரும்பி வந்தது, வீடு வீடாக ரொட்டி விற்கும் ரொட்டிக்காரரின் மோட்டார் சைக்கிள்.

“என்னக்கா, எனக்கா எறங்கி நிக்கிறீங்க?”

“ஒனக்கு இல்ல தம்பி, ரொட்டிக்கு,” என்று அம்மா சிரித்தார். ரொட்டிக்காரர் போனதும் சிரிப்பு நின்றது. “இனிமே யாருக்கும் எறங்க மாட்டேன்,” என்றார்.

மறுவாரம் துரையின் காரே வந்தது. நான் அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டேன். அம்மா ஓரமாக மிதித்தார், இறங்கவில்லை. மணியை மட்டும் ஒரு தடவை அடித்தார். கார் வேகத்தைக் குறைத்தது, பிறகு போய்விட்டது. அன்று மாலை என் ரொட்டியில் அம்மா ஊற்றிய இனிப்பு டின் பால் வழிய வழிய இருந்தது.

மகள் காத்திருந்தாள். சைக்கிளில் ஏறி, யாருமில்லாத அந்தப் பாதையில் மணியை ஒரு தடவை அடித்தேன்.