அக்கரையில் கேட்ட மணி

சீனாவின் ஃபென் ஆற்றின் இக்கரையில் மணி வார்ப்பார்கள், அக்கரையில் சோயாப்பாலைத் திரித்து டோஃபு செய்வார்கள். பெய் சூச்சின் பிறந்தது மணிக் கரையில், வாழ்க்கைப்பட்டது டோஃபு கரையில். ஆனாலும் அவள் அக்கரையில் நின்று கேட்டு, சரி என்று சிவப்புத் துணியை ஆட்டாமல், அவளுடைய அண்ணன் தெஷானின் பட்டறையிலிருந்து ஒரு மணியும் வண்டி ஏறியதில்லை.

உலை எரியும் நாளில் வார்ப்பு வீட்டுப் பெண்கள் பட்டறைக்குள் இருக்கக் கூடாது. மணி சரியாக வாய்க்காமல் தவித்த தகப்பனுக்காக எந்தக் காலத்திலோ ஒரு மகள் உருகிய வெண்கலத்தில் குதித்துவிட்டாளாம். அந்தப் பயம் இன்னும் ஊரை விடவில்லை. உலை மூட்டினால் பெண்களைப் படகேற்றிவிடுவார்கள். மணி ஆறி, முதல் அடி விழுந்த பிறகுதான் திரும்பி வரலாம். சிறுமி சூச்சின் இதற்காக மூக்கைச் சிந்திக்கொண்டு உட்காரவில்லை. கரையில் சூரியகாந்தி விதை கொறித்தபடி காதைத் தீட்டிக்கொண்டாள். மணிக்குப் பக்கத்தில் நிற்பவனுக்குக் கேட்பது, அதை வெளியிலிருந்து இடிக்கும் மரக்கட்டையின் அடி. மணியின் குரல் தண்ணீரைத் தாண்டி வரும்போதுதான் தெளியும். பன்னிரண்டு வயதிலேயே, "இது தொண்டை கட்டினது, அது வாயாடி" என்று தரம் பிரித்தாள். அப்பா முதலில் சிரித்தார், பிறகு கேட்டுக்கொண்டார். அண்ணன் தலையெடுத்த பிறகும் அந்த வழக்கம் தொடர்ந்தது.

சர்க்கார் மூடிவைத்திருந்த கோயில்கள் மறுபடி திறந்த காலம் அது. மலையடிக் கோயிலின் களஞ்சியத் தரையைத் தோண்டியபோது பழைய மணி ஒன்று தலைகீழாகப் புதைந்து கிடைத்தது. மிங் அரசர் காலத்து வார்ப்பு. உச்சியில் இரண்டு டிராகன்கள் முதுகு வளைத்துப் பிடியாக நின்றன. தோளில் மெலிந்து, விளிம்புக்கு வர வரத் தடித்த உடல். எழுத்துகள் ஊசியால் தைத்ததுபோல் இருந்தன. ஆனால் அடித்தால் 'டொக்' என்று செத்துப்போனது. உள்ளே எங்கோ வெடிப்பு என்று தெஷான் முடிவுகட்டினான். உடைத்து, உருக்கி, புதுச் செம்போடும் வெள்ளீயத்தோடும் கலந்து புதிய மணி வார்ப்பதாகக் கோயிலில் வாக்குக் கொடுத்துவந்தான். புது அச்சின் களிமண்ணில் தன் பெயரையும் வெட்டியாயிற்று.

உலை மூட்டுவதற்கு முந்தின நாள் சூச்சின் வந்து பழைய மணியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"வெடிப்பு எங்கண்ணே? காட்டு."

"கண்ணுக்குத் தெரிஞ்சா அது வெடிப்பா? அது ஓட்டை. போ, போய் உன் டோஃபுவைக் கிண்டு."

"உனக்கு உம்பேரு போட்ட மணி வேணும். அதான் அவசரம்."

தெஷான் இடுப்பில் இருந்த சிவப்புக் கச்சையை இறுக்கிக்கொண்டான். பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வரும் அவனுடைய பிறந்த ராசி வருஷம் திரும்பி வந்திருந்தது. கண்ணேறு படாமலிருக்க வருஷம் முழுக்கச் சிவப்புக் கட்ட வேண்டும். "அறுபது வயசுக்காரன் பேரைப் போட்டுக்கக் கூடாதா?" என்றான்.

மறுநாள் உலை மூட்டினார்கள். சூச்சின் தன் கரையில் நின்றாள். உருக்கப்போகும் மணிக்கு விடைகொடுக்க ஒரு அடி அடிப்பது அங்கே வழக்கம். அடித்தார்கள்.

சூச்சினின் கையில் துணி அசையவில்லை. வெடித்த மணி என்றால் இரண்டு குரலில் சண்டை போடும், கரகரக்கும். இதில் இருந்தது ஒரே குரல், அதன் வாயையும் யாரோ பொத்தியிருந்தார்கள். இன்னும் சற்று நேரத்தில் சம்மட்டி விழும். துணியைத் தோளில் போட்டுக்கொண்டு படகில் குதித்தாள்.

பட்டறை வாசலில் ஆட்கள் பதறினார்கள். சம்மட்டி பிடித்திருந்த லூ குறுக்கே வந்தான். "அத்தை, வேணாம்! உலை எரியுது!"

"நான் உலைக்குள்ள குதிக்க வரலடா. மணிக்குள்ள தலையை விட வந்தேன். தள்ளு."

தெஷான் கத்தினான். "இந்த வீட்டுப் பொண்ணு இன்னைக்கி உள்ள வரலாமா? புத்தி கெட்டுப்போச்சா?"

"கத்து அண்ணே, உலைக்கு நல்லாக் காத்து கிடைக்கும்."

தரைக்குச் சற்று மேலே தொங்கிய மணிக்குள் புகுந்து நின்றாள். உலைச் சூட்டில் மணி கதகதத்திருந்தது. கரிய உட்சுவரிலிருந்து மெல்ல ஒரு வாசனை கிளம்பியது. நூடுல்ஸ் கிண்ணத்தின் மேல் தினமும் முகர்கிற வாசனை.

"லூ! உன் ஊரு மலையடிதான? இதுல என்ன வச்சிருந்தீங்க? வினிகர் மணக்குது!"

லூ சம்மட்டியைக் கீழே வைத்தான். "சர்க்காரு ஆளுங்க ஊர்ல செம்பு, இரும்பெல்லாம் உருக்கறதுக்குப் பறிச்சிட்டுப் போன வருஷம், களஞ்சியத்துல புதுசா ஒரு வினிகர் சாடி முளைச்சுதுன்னு அம்மா சொல்லும். கழுத்து வரைக்கும் மண்ணுக்குள்ள. அது... இதுவா அத்தை?"

மணியைக் காப்பாற்ற ஊரார் அதைக் கவிழ்த்துப் புதைத்துச் சாடியாக்கியிருக்கிறார்கள். வினிகர் வெண்கலத்தைத் தின்றுவிடாதபடி பசையரிசிக் கஞ்சியில் குழைத்த சுண்ணாம்பை உள்ளே பூசி, அதன்மேல் கறுப்பு அரக்கும் தடவியிருக்கிறார்கள். வெண்கலத் தோல்போலவே இருந்ததால் தெஷானின் கையும் ஏமாந்துவிட்டது.

மர உளியை வைத்து சூச்சின் தட்டினாள். உள்ளங்கை அகலத் துண்டு ஒன்று பெயர்ந்து விழுந்தது. அடியில் மஞ்சள் உலோகம் பளிச்சிட்டது. தெஷான் அதைப் பார்த்தான். பிறகு உலையைப் பார்த்தான். சுடர் வெள்ளையைத் தாண்டிப் பச்சைக்கு வந்துவிட்டது, உலோகம் தயார். பழைய மணி சேராமல் பெரிய அச்சு நிறையாது.

"என் பேரு போச்சு," என்றான்.

"ஆட்டுமணி அச்சு அடுக்கி வச்சிருக்கியே, அதுல ஊத்து. ஊரு ஆடெல்லாம் உம்பேரைச் சொல்லும்."

ஆட்கள் சிரித்துவிட்டார்கள். தெஷான் சிரிக்கவில்லை, ஆனால் உருகிய உலோகக் கொப்பரையைச் சிறிய அச்சுகளின் பக்கம் திருப்பச் சொன்னான். ஊற்றி முடித்ததும் தானே ஒரு உளியை எடுத்துக்கொண்டு தங்கைக்குப் பக்கத்தில் மணிக்குள் நுழைந்தான். சாயங்காலம் வரை இருவரும் சுண்ணாம்பு பெயர்த்தார்கள். வெளியே வந்தபோது இருவர் தலையும் ஒன்றுபோல் நரைத்திருந்தது.

அடிக்கும் கட்டையின் கயிற்றை சூச்சின் பிடித்தாள். "நான் அடிக்கிறேன். நீ அக்கரைக்குப் போ."

"நானா? எதுக்கு?"

"இத்தனை வருஷமா வார்க்கிறே, ஒண்ணையாவது முழுசாக் கேட்டிருக்கியா?"

அவன் முணுமுணுத்தபடி படகேறினான். அக்கரையில் இறங்கி, அவள் நிற்கும் இடத்திலேயே போய் நின்றான். சூச்சின் கட்டையை இழுத்து விட்டாள். பக்கத்தில் நின்றவளுக்கு அடிதான் காதை அடைத்தது. மணியின் குரல் அவளைக் கடந்து ஆற்றின்மேல் போனது.

அக்கரையில் தெஷான் காதருகே கை குவித்து மணி ஓயும் வரை கேட்டான். பிறகு கையில் துணி இல்லையே என்று தேடினான். சட்டென்று இடுப்புக் கச்சையை உருவினான். ஒரு கையால் நழுவும் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் சிவப்பை வானத்தில் சுழற்றினான்.