விண்ணப்பத்தில் அம்மா

மொன்றியலுக்கு முதலில் வந்தது நானும் அப்பாவும்தான். அம்மாவும் தங்கச்சியும் மட்டக்களப்பில் நின்றுவிட்டார்கள். எனக்கு அப்போது பதின்மூன்று வயது. வளர்ந்த பெண்பிள்ளையை அந்தப் போர் நேரத்தில் ஊரில் வைத்திருக்கப் பயந்து அப்பா என்னைக் கையோடு கூட்டி வந்தார். அகதிக் கோரிக்கை ஏற்கப்பட்டதும் மற்ற இருவரையும் கூப்பிடலாம் என்று சொன்னார்கள். அது மூன்று வருடம் இழுபட்டது.

நோத்ர-டாம்-த-கிரேஸில் ஓர் அப்பார்ட்மென்டின் மூன்றாம் மாடியில் இருந்தோம். எங்களோடு அப்பாவுக்குத் தெரிந்த மூன்று அண்ணன்மாரும் இருந்தார்கள். நல்ல மனிதர்கள். நான் குளியலறைக்குப் போக எழும்பினால் மூன்று பேரும் ஒரே நேரத்தில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்கள். அந்த நல்ல குணமே எனக்குக் கூச்சமாக இருந்தது. அப்பா முன்னறையின் மூலையில் கயிறு கட்டி, படுக்கை விரிப்பைத் தொங்கவிட்டு எனக்கு ஓர் அறை செய்து தந்திருந்தார். விரிப்புக்கு அந்தப் பக்கம் யாராவது இருமினால் என் தலைமாட்டில் இருமுவதுபோலக் கேட்கும். உள்ளாடைகளைக் காயப்போட இடமில்லை. ஈரத்தோடு பையில் சுருட்டி வைத்திருந்து, எல்லாரும் வேலைக்குப் போனபிறகு ஹீட்டரின் மேல் போட்டு, பாதி காய்ந்ததும் அணிந்துகொண்டு பள்ளிக்கு ஓடுவேன்.

அம்மா சின்ன வயதில் கன்னியர் மடத்துப் போர்டிங்கில் தங்கிப் படித்தவ. தனக்கென்று ஒரு கட்டிலும் பூட்டும் அலுமாரியும் இருந்ததை அடிக்கடி சொல்லுவா. ஊரில் அதைக் காது கொடுத்துக் கேட்டதில்லை. இங்கே வந்தபிறகு அந்த அலுமாரிதான் என் நினைவில் நின்றது. கனடாவிலும் அப்படிப் பள்ளிகள் இருக்கத்தானே வேண்டும் என்று தேடத் தொடங்கினேன்.

பள்ளி முடிந்ததும் நூலகத்துக்குப் போவேன். மாகாணத்துத் தனியார் பள்ளிகளின் விவரம் எல்லாம் போட்ட தடித்த புத்தகம் ஒன்று அங்கே இருந்தது. இரவல் தரமாட்டார்கள். விடுதி உள்ள பள்ளிகளுக்குப் பக்கத்தில் ஒரு குட்டிக் கட்டிலின் படம் போட்டிருக்கும். கட்டில் கட்டிலாகத் தேடிக் கொப்பியில் எழுதினேன். பெண்களுக்கு மட்டுமா, பஸ் போகுமா, உதவிப்பணம் உண்டா, எந்த வகுப்பிலிருந்து சேர்ப்பார்கள். புதிதாக வந்த பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு படிப்பிக்கும் வகுப்பில்தான் நான் இருந்தேன். விவரம் கேட்டு நான் எழுதிய கடிதத்தை ஆசிரியை திருத்தித் தந்தா. அதைப் பதினொரு தரம் பார்த்து எழுதிப் பதினொரு பள்ளிகளுக்கு அனுப்பினேன்.

தபாலில் வழவழப்பான புத்தகங்கள் வரத் தொடங்கின. என் பேருக்குத் தபால் வருவது அதுதான் முதல் தடவை. படங்களில் பிள்ளைகள் குதிரையில் இருந்தார்கள், ஏரியில் படகு வலித்தார்கள், வெள்ளைச் சட்டையோடு கோரஸ் பாடினார்கள். அதையெல்லாம் தள்ளிவிட்டுப் படுக்கையறைப் படத்தைத் தேடுவேன். அலுமாரியில் பூட்டு இருக்கிறதா என்று கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்ப்பேன். ஆனால் கடைசிப் பக்கத்தில் கட்டணம் இருக்கும். அப்பா சென்ட் லோரன்டில் மருந்துப் போத்தல்களுக்கு மூடி பூட்டும் தொழிற்சாலையில் வேலை செய்தார். கடைசிப் பக்கத்தை வாசித்ததும் அந்தப் புத்தகத்தை மெத்தைக்குக் கீழே தள்ளிவிடுவேன்.

ஒன்றே ஒன்று மிஞ்சியது. நகரத்துக்கு வெளியே, ஆற்றங்கரையில், கன்னியர்கள் நடத்திய பள்ளி. அங்கே முழுச் செலவையும் ஏற்கும் உதவி ஒன்று இருந்தது. தாயையோ தந்தையையோ இழந்த மாணவிக்கு அது என்று எழுதியிருந்தார்கள்.

அந்த வசனத்தைச் சரியாகத்தான் விளங்கிக்கொண்டேனா என்று அகராதியை வைத்து இரண்டு தரம் பார்த்தேன். சரியாகத்தான் விளங்கியிருந்தேன்.

அப்போது அம்மாவிடமிருந்து நாலு மாதமாகக் கடிதம் இல்லை. ஊரில் சுற்றிவளைப்பு, தபால் ஓடவில்லை என்று கேள்விப்பட்டோம். அப்பா வேலையால் வந்ததும் சப்பாத்தைக் கழற்றாமலே தபால் பெட்டியைப் பற்றித்தான் கேட்பார். நானும் அழுதேன், பயந்தேன். அதெல்லாம் உண்மை. ஆனால் அந்தப் பயத்தை எடுத்து நான் என்ன செய்தேன் என்பதுதான் இன்றைக்கும் என்னால் தாங்க முடியாதது. ஒருவேளை நடந்திருக்கலாம்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நடந்திருந்தால் இது பொய்யில்லையே. அப்படிச் சொல்லிக்கொண்டு, விண்ணப்பத்தில் "தாய்" என்ற இடத்தில் "காலமானார்" என்பதற்கு எதிரே கோடு கீறினேன். கட்டுரைக்கு என்று விட்டிருந்த ஒரு பக்கத்தில், அம்மா சந்தைக்குப் போன காலையைப் பற்றியும் பிறகு கேட்ட வெடிச்சத்தத்தைப் பற்றியும் எழுதினேன். அது எங்கள் ஒழுங்கையில் வேறொரு பெண்ணுக்கு நடந்தது. அவவின் சாவை எடுத்து அம்மாவுக்குக் கொடுத்தேன். பிழை திருத்தித் தாங்கோ என்று கொண்டுபோய்க் கொடுத்தபோது ஆசிரியை வாசித்துவிட்டு மேசையிலிருந்து எழும்பி வந்து என்னைக் கட்டிப்பிடித்தா. ஒரு பிழையும் திருத்தவில்லை.

அப்பா கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. அவருக்குப் பிரெஞ்சு தெரியாது.

"அம்மாட பேர் எங்க போட்ட மனே?" என்று கேட்டார். எங்கள் ஊரில் மகளையும் மனே என்றுதான் கூப்பிடுவார்கள்.

"அதுக்கு வேற பேப்பர் இருக்கப்பா. மறுகா அனுப்பலாம்."

"சரி" என்று சொல்லி, தொழிற்சாலையில் சம்பளத்துக்குப் போடும் அதே கையெழுத்தை நிதானமாகப் போட்டார்.

விண்ணப்பம் போய் ஒரு கிழமைக்குள் அம்மாவின் மூன்று கடிதங்கள் ஒன்றாக வந்தன. தங்கச்சிக்கு அம்மை வருத்தம் வந்து மாறியது, கிணற்றுக் கட்டு இடிந்தது, எனக்குத் தலைமுடி கொட்டுகிறதா என்று எல்லாம் எழுதியிருந்தா. அப்பா அண்ணன்மாருக்கும் வாசித்துக் காட்டினார். ஒருவர் தெருமுனை டெப்பனர் கடைக்கு ஓடிப்போய்க் கேக் வாங்கி வந்தார். நானும் சாப்பிட்டேன். அடுத்த நாளே பள்ளிக்கு எழுதி, தவறு நடந்துவிட்டது, அம்மா இருக்கிறா என்று சொல்லியிருக்கலாம். தாளை எடுத்து வைத்துக்கொண்டு இருந்ததும் ஞாபகம் இருக்கிறது. எழுதவில்லை.

நேர்முகத்துக்குப் பெற்றோரும் வரவேண்டும் என்று கடிதம் வந்தது. அப்பா ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு, இரவல் கோட் ஒன்றைப் போட்டுக்கொண்டு வந்தார். தலைமைச் சிஸ்டர் வயதானவ, மெல்லிய குரல். அவ பிரெஞ்சில் கேட்க, நான் தமிழில் அப்பாவிடம் சொல்லி, அவர் சொல்வதைத் திருப்பிப் பிரெஞ்சில் சொல்லவேண்டும். நடுவில் இருந்தவள் நான் மட்டும்தான்.

"உங்கள் மனைவியின் இழப்புக்காக மிகவும் வருந்துகிறோம்" என்றா சிஸ்டர்.

"என்னவாம்?" என்றார் அப்பா.

"இவ்வளவு தூரம் பஸ்ஸில வந்தது கஷ்டமா எண்டு கேக்கிறா."

அப்பா முகம் மலரச் சிரித்து, "இல்லை இல்லை" என்று தலையை ஆட்டினார். சிஸ்டர் அந்தச் சிரிப்பைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு இருந்தா. பிறகு எட்டி அவருடைய கையைப் பிடித்தா. அப்பாவுக்குக் கூச்சமாகிவிட்டது. ஏதாவது நல்ல வார்த்தை சொல்லவேண்டும் என்று நினைத்தார் போல.

"என்ட மனிசி வந்து பாத்தா நல்லாச் சந்தோசப்படுவா எண்டு சொல்லு மனே. அவவும் சிஸ்டர்மாரிட்டப் படிச்சவதான்."

நான் மொழிபெயர்த்தேன். "என் மனைவி இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பா என்கிறார்." அந்த மாதம்தான் வகுப்பில் அந்த வினைவடிவத்தைப் படித்திருந்தோம். ஒரு பிழையுமில்லாமல் சொன்னேன். சிஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தா.

எனக்கு இடம் கிடைத்தது. அத்தாட்சி ஒன்றும் கேட்கவில்லை. போரிலிருந்து வந்த மனிதரிடம் மரணச் சான்றிதழ் கேட்பது மரியாதையில்லை என்று நினைத்திருப்பார்கள்.

கட்டிலும் அலுமாரியும் சாவியும் கிடைத்தன. முதல் கிழமை அலுமாரியைச் சும்மா பூட்டிப் பூட்டித் திறந்தேன். நவம்பரில் மரித்த ஆன்மாக்களுக்கான பூசை வந்தது. முதல் நாள் ஒரு சிஸ்டர் வந்து அம்மாவின் பேரை எப்படி உச்சரிப்பது என்று கேட்டு, ஒரு தாளில் அசை பிரித்து எழுதிக்கொண்டு போனா. பூசையில் அந்தப் பேரை எவ்வளவோ கவனமாக வாசித்தார்கள். என் கையில் மெழுகுதிரி ஒன்று தந்தார்கள். அன்றைக்கு அம்மா மட்டக்களப்பில் தங்கச்சிக்குச் சோறு ஊட்டிக்கொண்டு இருந்திருப்பா. அந்த மெழுகுதிரியை அடுத்த வருடமும் பிடித்தேன்.

அந்த இரண்டாவது வருடத்தின் பனிக்காலம் முடிகிற நேரத்தில் அம்மாவும் தங்கச்சியும் வந்து சேர்ந்தார்கள். அப்பா சென்ட் லோரன்டில் தனி வீடு எடுத்திருந்தார். விமான நிலையத்துக்குப் போக விடுப்புக் கேட்டால் காரணம் சொல்லவேண்டுமே என்று பயந்து, சோதனை இருக்கிறது என்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன். நாலு நாள் கழித்து, வழமையான சனிக்கிழமையில்தான் போனேன். அம்மா கதவைத் திறந்தா. மெலிந்திருந்தா. என்னை மேலும் கீழும் பார்த்து, "என்ட புள்ள வளந்திட்டாள்" என்று சொல்லி என் தலையை மோந்தா.

பிறகு ஒவ்வொரு கிழமையும் ஒரே கேள்வி. "உன்ட பள்ளிக்கூடத்தைக் காட்டன் மனே. சிஸ்டர்மாருக்கு ஒருக்கா நன்றி சொல்லவேணும்." நான் பஸ் இல்லை என்றேன். வெளியாட்களை விடமாட்டார்கள் என்றேன். தங்கச்சியையும் அங்கே சேர்க்கலாமா என்று கேட்டபோது, அது நல்ல இடமில்லை, சாப்பாடு சரியில்லை, வெள்ளைப் பிள்ளைகள் சேரமாட்டார்கள் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். தங்கச்சிக்குப் படகுப் படம் இருந்த என் பள்ளியின் புத்தகத்தில் அவ்வளவு ஆசை. அவள் பக்கத்தைப் புரட்டிக்கொண்டே என் முகத்தைப் பார்த்தாள். நான் புத்தகத்தை வாங்கி வைத்துவிட்டேன்.

வருட முடிவில் பரிசளிப்பு விழா. எனக்குப் பிரெஞ்சுக்குப் பரிசு. அந்த அழைப்பிதழ் நேராக வீட்டுக்கு வந்துவிட்டது. அப்பாவுக்கு அன்றைக்கு வேலை. அம்மா ஒருத்தியாகவே பஸ் விசாரித்து, இரண்டு இடத்தில் மாறி வந்து சேர்ந்துவிட்டா. நான் தோட்டத்தில் தோழிகளோடு நின்றேன். ஊதாச் சேலையும் அதற்கு மேல் அப்பாவின் ஜாக்கெட்டும் போட்டுக்கொண்டு, கையில் ஒரு பார்சலோடு அம்மா வாசலால் வந்தா. தலைமைச் சிஸ்டரும் எனக்குப் பக்கத்தில்தான் நின்றா.

"யார் இவர்?" என்று சிரித்துக்கொண்டு கேட்டா.

"மா தான்ட்" என்றேன். என் சின்னம்மா.

அம்மா அப்போது பிரெஞ்சு வகுப்புக்குப் போகத் தொடங்கி ஆறு கிழமை. வகுப்பில் முதலில் படிப்பிப்பது பேர், நாள், குடும்பம். அம்மா, அப்பா, மாமா, சின்னம்மா. என்னை ஒரு முறை பார்த்தா. பிறகு சிஸ்டரின் பக்கம் திரும்பி, "போன்ஜூர், மா மேர்" என்று கை கூப்பினா. அது சிஸ்டர்மாரை அழைக்கும் சொல்லும்தான், அம்மா என்ற சொல்லும்தான்.

அன்று பின்னேரம் முழுக்க அம்மா எனக்குச் சின்னம்மாவாகவே இருந்தா. சிஸ்டர் அவவின் கையைப் பிடித்து, அக்காவின் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது புண்ணியம் என்று சொன்னா. அம்மாவுக்கு எவ்வளவு விளங்கியதோ தெரியாது. "மெர்சி, மெர்சி" என்றா. பார்சலில் இருந்த முறுக்கை என் தோழிகளுக்குக் கொடுத்தா. பரிசு வாங்கியபோது எல்லாரையும்போலக் கை தட்டினா. பஸ்ஸில் ஏறும்போது, "கவனமா இரு" என்றா. வேறொன்றும் கேட்கவில்லை. வீட்டில் அப்பாவிடமும் சொல்லவில்லை என்று பிறகு தெரிந்தது.

அதற்குப் பிறகு பள்ளிக்கூடத்தைக் காட்டச் சொல்லி அம்மா ஒரு நாளும் கேட்கவில்லை. கடைசி வருடம் பட்டமளிப்புக்கு அப்பா மட்டும் வந்தார். தங்கச்சிக்குக் காய்ச்சல் என்று அம்மா நின்றுவிட்டாவாம். வீட்டுக்குப் போனபோது தங்கச்சி வாசலில் கயிறு அடித்துத் துள்ளிக்கொண்டு இருந்தாள்.

பல வருடம் கழித்து, எனக்கே பிள்ளைகள் பிறந்தபிறகு, ரொக்ஸ்பரோவில் என் வீட்டுச் சமையலறையில் அம்மாவும் நானும் இறால் துப்பரவாக்கிக்கொண்டு இருந்தோம். வீட்டில் வேறு யாரும் இல்லை. இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று தோன்றியது.

"அம்மா, அண்டைக்குப் பள்ளிக்கூடத்தில நான் உங்களச் சின்னம்மா எண்டு சொன்னது..."

அம்மா தலையை நிமிர்த்தவில்லை. "அத விடு மனே. சின்னப் பிள்ளைதானே நீ. நானும் அண்டைக்கு வந்த கோலம் அப்பிடி. சேலைக்கு மேல அப்பாட ஜாக்கெட். அவ்வளவு வெள்ளைப் பிள்ளைகளுக்கு முன்னால ஆருக்கும் வெக்கமாத்தான் இருக்கும்."

அவ இத்தனை வருடமும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறா. தன் உடுப்பைப் பார்த்து, தன் தோற்றத்தைப் பார்த்து மகள் வெட்கப்பட்டாள் என்று. அதனால்தான் பட்டமளிப்புக்கும் வரவில்லை. அதற்காக என்னை எப்போதோ மன்னித்தும் இருக்கிறா.

இல்லை அம்மா, வெட்கமில்லை, உங்களைச் சாகடித்துத்தான் நான் அந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தேன் என்று நான் சொல்லியிருக்கவேண்டும். அவவின் சேலையில் ஒரு பிழையும் இல்லை என்றாவது அன்றைக்குத் தெரிந்திருக்கும். ஆனால் அவ தந்த காரணம் என்னுடையதைவிடச் சின்னதாக இருந்தது. அதை வாங்கிக்கொண்டேன். "ஓம் அம்மா, பிழைதான்" என்றேன். அம்மா கையைக் கழுவிவிட்டு, இறாலுக்கு மஞ்சள் போட்டியா என்று கேட்டா.

அதற்கு மூன்றாவது வருடம் அம்மா போய்விட்டா.