போடாத ஒன்பது மதிப்பெண்

மார்த்தா கணக்கு ஸயாமா. பர்மாவில், யாங்கோனில் டீச்சரை ஸயாமா, ஆண் வாத்தியாரை ஸயா என்றுதான் கூப்பிடுவோம், தமிழ்ப் பிள்ளைகளும் அப்படித்தான். லான்மடா வட்டாரத்தில் ஓர் அரசுப் பள்ளியில் இருபது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவர். மற்ற வகுப்புகளில் அறுபது எழுபது பிள்ளைகள் ஒரே குரலில் பாடத்தை ஒப்பித்துக்கொண்டிருக்கும்போது மார்த்தாவின் வகுப்பு மட்டும் அமைதியாக இருக்கும். ஒரு கணக்கை வேண்டுமென்றே தப்பாகப் போட்டுவிட்டு, "எங்க தப்பு, ஏன் தப்பு?" என்று கேட்டுவிட்டு நிற்பார். யாராவது எழுந்து சொல்லும்வரை வாயைத் திறக்க மாட்டார்.

அதே பள்ளியில் பிரேம்நாத் அறிவியல் ஸயாவாக இருந்தார். அவருக்கு இந்த முறையில் நம்பிக்கை கிடையாது.

"நீங்க ஒரு கணக்கைப் புரியவைக்கிற நேரத்துல நான் பத்து பதிலை மனப்பாடம் பண்ண வெச்சிருவேன். பரீட்சையில அதைத்தானே கேக்கறான்?"

"பரீட்சை முடிஞ்ச மறுநாள் எல்லாம் மறந்துருமே, ஸயா."

"மறக்கட்டும். பாஸ் பண்ணினது பண்ணினதுதான்."

டீ குடிக்கும்போதெல்லாம் இந்த வாக்குவாதம் நடக்கும். ஒருவர் மீது ஒருவருக்கு மரியாதை இருந்ததால் அது சண்டையாக மாறவில்லை.

பிரேம்நாத் ஓய்வு பெற்று, வாடகைக் கட்டடத்தில் சின்னதாக ஒரு தனியார் பள்ளி தொடங்கினார். பிறகு இரண்டாயிரத்து இருபத்தொன்று வந்தது. ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அதை எதிர்த்து ஆசிரியர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள், மார்த்தாவும் இறங்கினார், வேலை போனது. அப்படி வேலை போனவர்களைச் சேர்த்துக்கொள்ள எல்லாரும் பயந்தார்கள். பிரேம்நாத் தாமே வீட்டுக்கு வந்து, "நம்ம பள்ளிக்கூடத்துக்கு வாங்க. வெளியில யார்கிட்டயும் சொல்ல வேண்டாம்" என்றார். அந்த நன்றியை மார்த்தா மறந்ததில்லை.

அந்தப் பள்ளியில்தான் பவானி ஒன்பதாம் வகுப்புக்கு வந்தாள். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். கரும்பலகையில் இருப்பதை ஒரு புள்ளி விடாமல் பார்த்து எழுதுவாள். ஆனால் பின்னங்கள் தெரியாது. கொரோனாவிலும் அதற்குப் பின் வந்த கலவரத்திலும் பள்ளிகள் மூடிக் கிடந்த காலத்தில் அவள் ஆறாவதும் ஏழாவதும் போய்விட்டன. யாரும் சொல்லித்தரவில்லை, ஆனால் வகுப்பு மட்டும் ஏறிக்கொண்டே வந்தது. அப்பா இல்லை. அம்மா வேலம்மா டீக்கடையில் பாத்திரம் கழுவிப் படிக்கவைத்தாள்.

மார்த்தா அவளைச் சாயங்காலம் நிறுத்திவைத்து, பரோட்டாவைப் பிய்த்துப் பாதி, கால் என்பதிலிருந்து ஆரம்பித்தார். மாதக்கணக்கில் ஒன்றும் நடக்கவில்லை. மழைக்காலம் முடிகிற சமயம், பவானி பென்சிலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

"ஸயாமா, அரையை அரையால வகுத்தா ஒண்ணு வருது. வகுத்தா குறையத்தானே செய்யணும், எப்படி கூடுது?"

அவளாக வாய் திறந்து கேட்ட முதல் கேள்வி அது. மறுநாள் மார்த்தா அதைப் பிரேம்நாத்திடம் சொல்லிச் சந்தோஷப்பட்டார்.

"நல்ல கேள்விதான். ஆனா பரீட்சைக்கு நாலு மாசம்தான் இருக்கு" என்றார் அவர்.

வருஷக் கடைசிப் பரீட்சையில் பவானி கணக்கில் முப்பத்தொன்று வாங்கினாள். பாஸ் ஆக நாற்பது வேண்டும், இல்லாவிட்டால் மறுபடி ஒன்பதாவதுதான். பிரேம்நாத் மார்த்தாவை அறைக்குக் கூப்பிட்டார்.

"ஒன்பது மார்க் கூட்டிப் போடுங்க. எல்லா ஸ்கூலும் அதைத்தான் செய்யுது. பிள்ளைங்க தாய்லாந்துக்கும் மலேசியாவுக்கும் போயிட்டிருக்காங்க, கையில ஒரு பேப்பராவது இருக்கட்டும்."

"தெரியாத பிள்ளையைத் தெரியும்னு சொல்லி மேல அனுப்பித்தான் ஸயா இந்த நிலைமை. இப்பத்தான் அவளுக்குப் புரிய ஆரம்பிச்சிருக்கு. இன்னும் ஒரு வருஷம் குடுங்க, நான் தேத்திடுவேன்."

பிரேம்நாத் மார்க் தாளை மார்த்தாவின் பக்கமே தள்ளிவைத்தார். "நீங்க போட்டதை நான் திருத்த மாட்டேன். ஆனா வேலம்மாகிட்ட நீங்கதான் சொல்லணும்."

வேலம்மா மகளோடு வந்தாள். அழவில்லை, சத்தமும் போடவில்லை.

"இன்னொரு வருஷமா, ஸயாமா?"

"ஃபீஸ் வேண்டாம்னு நான் பேசிக்கறேன் வேலம்மா. பிள்ளை நல்லா வருவா."

"ஃபீஸ் மட்டுமா? கூடப் படிச்சதெல்லாம் மேல போயிரும். சின்னப் பிள்ளைங்களோட அதே பெஞ்சுல போய் உக்காருன்னா இவ உக்காருவாளா?"

பவானி தலையை நிமிர்த்தவில்லை. மார்த்தா அவளிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் வேலம்மா கும்பிட்டுவிட்டு மகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

பள்ளி திறந்தபோது பவானி வரவில்லை. யாங்கோன் புறநகரான ஷ்வேப்யிதாவில் ஒரு தையல் ஃபேக்டரியில் சேர்ந்து, அங்கேயே மற்ற பெண்களோடு அறை எடுத்துத் தங்கியிருப்பதாகத் தெரிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் மார்த்தா பஸ் பிடித்துப் போனார். பவானி வாசலுக்கு வந்து, பிளாஸ்டிக் முக்காலியைத் துடைத்துப் போட்டாள்.

"திரும்பி வா பவானி. வகுப்புக்கு வர கூச்சமா இருந்தா என் வீட்டுக்கு வா, நான் சொல்லித்தரேன்."

"வேண்டாம் ஸயாமா. எனக்குக் கணக்கு வராது."

"யார் சொன்னது? நீ கேட்ட கேள்வி மாதிரி அந்த வகுப்புல ஒருத்தர் கேக்கலை."

பவானி நிதானமாகத்தான் சொன்னாள். கோபம் எதுவும் இல்லை. "முன்னாடி மார்க் வரலைன்னா, நாம படிக்கலை, அதான் வரலைன்னு நெனைச்சுப்பேன். போன வருஷம் நெசமாவே படிச்சேன். எனக்குப் புரியுதுன்னுகூட நெனைச்சேன். அப்பவும் ஃபெயில்தானே? நீங்க பொய் மார்க் போட மாட்டீங்கன்னு எல்லாருக்கும் தெரியும். அப்ப எனக்கு வராதுங்கறது நெசம்தானே?"

மார்த்தா முக்காலியிலிருந்து எழுந்தார். பவானி பஸ் நிறுத்தம்வரை கூட வந்து ஏற்றிவிட்டாள்.

திங்கட்கிழமை அவர் பிரேம்நாத்தின் அறைக்குப் போய், "நீங்க சொன்னதுதான் சரி ஸயா" என்றார்.

பிரேம்நாத் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "சரின்னு சொல்லாதீங்க. நான் மார்க் போட்டுத் தள்ளிவிட்ட பசங்க இப்போ மேல் வகுப்புல உக்காந்திருக்காங்க. ஒரு வரி புரியாம உக்காந்திருக்காங்க. தினம் பாக்கறேன்."

"அப்ப என்னதான் செய்யறது?"

அவர் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டு மேஜைமேல் இருந்த தாள்களை அடுக்கத் தொடங்கினார். அதற்குப் பிறகு இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை.

இந்த வருஷப் பரீட்சைத் தாள்களை மார்த்தா முதல் பக்கத்துக்கு மேல் திருப்பவில்லை. நாற்பதுக்குக் கீழே ஒருவருக்கும் போடவில்லை. ரிசல்ட் அன்று ஒரு தகப்பனார் மகனின் தோளில் கைபோட்டபடி வந்து நின்றார்.

"பையனுக்குக் கணக்கு நல்லா வருதா, ஸயாமா?"

"வருது" என்று சொல்லிவிட்டு, மார்த்தா அடுத்த பிள்ளையின் பெயரைக் கூப்பிட்டார்.