மாற்றிக் கட்டிய மூட்டைகள்

புத்தூர் ஸ்டேஷன் வாசல். ஊர் ஆந்திராவுக்கா மதராஸுக்கா என்று டீக்கடையில் பெரியவர்கள் கத்திக்கொண்டிருக்கிறார்கள். பக்கத்தில் பள்ளிப் பிள்ளைகள் மலைக்குக் கிளம்ப மூட்டை கட்டுகிறார்கள். ராத்திரி பாறைமேல்தான் படுக்கை.

"கூடாரம் இல்லையாம்மா?" என்று ஒரு சிறுமியிடம் கேட்கிறேன்.

"எதுக்கு சார்? போர்வை கீது."

அவள் அம்மா வந்து வேர்க்கடலை உருண்டைகளை அவள் மூட்டைக்குள் திணிக்கிறாள்.

"யம்மா, இந்த மூட்டைல கீறது லட்சுமி சோறு. என் சோறு அவ தூக்கிக்கினு வருவா. ஒருத்திய ஒருத்தி உட்டுட்டு முன்னால ஓடுனா துன்ன ஒண்ணும் இருக்காது. நாங்களே மாத்திக்கினோம்."

எனக்கு இது வெகுவாகப் பிடித்துப்போகிறது. தெலுங்கு வீட்டு லட்சுமி அந்தப் பக்கமிருந்து கையாட்டுகிறாள். அம்மா அவளையே பார்க்கிறாள். பிறகு உருண்டைகளை எடுக்காமலே முடிச்சை இறுக்குகிறாள்.