ஓட்டையைச் சொல்லாத அறிவிப்பு

துறைமுகத்தில் நனைந்த சரக்கைப் பார்த்துச் சேதம் எவ்வளவு என்று எழுதித் தரும் சர்வேயராக முப்பத்தொரு வருஷம் இருந்தேன். ஓய்வுக்குப் பின் எண்ணச் சரக்கில்லை. மாடிப்படி, மாத்திரை, எதிர்வீட்டு நாய் குரைப்பது என்று எதையாவது எண்ணிக்கொண்டிருப்பேன்.

அன்று மகள் கைப்பேசியோடு வந்தாள். ஆத்தூரில் வீடு கட்டச் சேர்த்த பணம் முழுவதையும், துபாயில் இருக்கும் மருமகன் அவள் பெயரில் ஒரு கிரிப்டோ திட்டத்தில் போட்டிருந்தார். திருடன் எப்படியோ உள்ளே நுழைந்து ஒரு பகுதியை அள்ளிவிட்டான். திட்டத்தை நடத்துகிறவர்கள் இரண்டு நாள் பூட்டி வைத்துவிட்டு இப்போது திறந்திருக்கிறார்கள். எடுக்கிறவர் எடுக்கலாம், விட்டு வைப்பவருக்குக் கூடுதல் வட்டி.

"எடுக்கவா, விடவாப்பா?"

ஸ்பீக்கரில் மருமகன் சிரித்தார். "மாமா, சும்மா பயப்படுதிய. போன பணத்த அவங்களே நிரப்பிட்டாங்கல்லா?"

கைப்பேசியில் அவர்கள் அனுப்பியிருந்த அறிவிப்பை வாங்கிப் படித்தேன். 'பாதுகாப்பு' ஒன்பது இடத்தில். 'நன்றி' நான்கு. திருடன் வந்த வழி ஓரிடத்திலும் இல்லை.

ஒரு பருப்புக் கப்பல் நினைவுக்கு வந்தது. அடியறையில் கடல்நீர் புகுந்திருந்தது. "தண்ணிய எறைச்சாச்சு சார், காஞ்சு கெடக்கு" என்றார் ஏஜென்ட். காய்ந்துதான் கிடந்தது. நீர் புகுந்த இடத்தைக் காட்டச் சொன்னேன், காட்டவில்லை. நான் கையெழுத்துப் போடவில்லை. மறுநாள் பக்கத்து அறைப் பருப்பும் ஊறியிருந்தது.

"மாப்ளே, ஓட்ட எங்கன?"

"விசாரிக்காங்க மாமா."

"பணம் இருக்க பெட்டிச் சாவி யார் கையில?"

"அஞ்சு சாவி. மூணு சேந்தாத்தான் தொறக்கும்."

"மூணும் மூணு பேர்ட்டயா, ஒரே ஆள்ட்டயா?"

"அத நான் எப்படிக் கேக்க? கப்பல்னு நெனச்சியளோ?"

மகளிடம் சொன்னேன்: "எடு. மொதல்ல கொஞ்சம் எடுத்துப் பாரு."

கொஞ்சம் உடனே வந்தது. மீதி 'பரிசீலனையில்' என்று நின்றது. திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. "கெடுத்திட்டிய மாமா" என்று மருமகன் இணைப்பைத் துண்டித்தார். மகள் என்னைப் பார்க்கவில்லை. மனதுக்குள் எண்ண ஆரம்பித்தேன். எழுநூறைத் தாண்டியபின் எண்ணிக்கை தப்பியது. மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினேன். இரண்டாம் முறை நானூறை நெருங்கும்போது பணம் வந்துவிட்டது. மகள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

அந்தத் திட்டம் இன்றும் மூழ்கவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் மருமகன் பேசுகிறார். "விட்டு வச்சிருந்தா மாடியில ஒரு ரூம் எடுத்திருக்கலாம்."

"ஓட்ட எங்கனன்னு சொல்லிட்டாங்களா?"

"இன்னும் இல்ல."

ஆத்தூரில் கடைக்கால் போட்டாகிவிட்டது. தினமும் பஸ் ஏறிப் போய் சிமெண்ட் மூட்டைகளை எண்ணுகிறேன். நேற்று ஒன்று குறைந்தது.